தண்ணீர் படுக்கையாக வரும்

எங்கள் ஊர் பெரம்பலூருக்குத் தெற்கே, காரைக்குப் போகிற சாலையை ஒட்டி இருக்கிறது. எனக்கு ஒன்பது வயதான கோடையில் அப்பா கடன் வாங்கிக் கிணறு வெட்டினார். காலையில் தூக்குச்சட்டியில் கூழ் எடுத்துக்கொண்டு போனால், மேட்டில் உட்கார்ந்து மதியம் வரை உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். மேலே கரிசல். அதற்குக் கீழே களி. பிறகு முழங்கை கனத்துக்குச் சுண்ணாம்பு ஓடு, மறுபடி களி, மறுபடி ஓடு. யாரோ பொறுமையாக அடுக்கிவைத்ததுபோல இருக்கும். நாற்பது அடியில் ஓரிடத்தில் சுவர் நனைந்திருந்தது. அன்று சாயங்காலம் அந்த ஈரம் கண் திறந்து ஒழுகத் தொடங்கியது. அப்பா மேலே நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

எனக்கு ஒரு சந்தேகம். மழை மேலிருந்துதானே பெய்கிறது, தண்ணீர் ஏன் பக்கச் சுவரிலிருந்து வருகிறது? கிணறு வெட்டும் ஆட்களுக்குத் தலைவராக இருந்தவரை மேஸ்திரி என்போம். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "தண்ணி நெட்டுக்க வராது தம்பி. படுக்கையாத்தான் வரும். ஓட்டுக்கும் களிக்கும் நடுவுல பாரு, அதான் அதுக்கு வழி."

இந்தச் சொல்லுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு இருபது ஆண்டு ஆயிற்று. அந்தக் கணக்கு பாரிஸிலிருந்து சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. அது வந்த வழியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். சம கனத்தில் இரண்டு வகை அடுக்குகள் மாறி மாறி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு வகை தண்ணீரைத் தாராளமாக விடும், அதன் திறன் 9. மற்றது கஞ்சத்தனமாக விடும், அதன் திறன் 1. மொத்தப் பாறையின் திறன் என்ன? கூட்டி இரண்டால் வகுத்து 5 என்போம். தண்ணீர் அடுக்குகளோடு போனால், மேஸ்திரி சொன்னபடி படுக்கையாக வந்தால், 5 சரிதான். தண்ணீர் அடுக்குகளைக் குறுக்கே துளைத்துக்கொண்டு நெட்டுக்க இறங்க வேண்டுமென்றால் விடை 5 அல்ல, 1.8. கஞ்ச அடுக்கு ஒவ்வொன்றிலும் தண்ணீர் காத்துக் கிடந்தாக வேண்டும், தாராள அடுக்கின் வேகம் அதை ஈடுகட்டாது. ஆடிக் காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது புரியும். பள்ளிக்குப் போகும்போது காற்று முதுகில், மணிக்கு 12 கிலோமீட்டர். திரும்பும்போது முகத்தில், மணிக்கு 4. சராசரி 8 என்று மனம் சொல்லும். போகவர ஆன நேரத்தைக் கணக்குப் பார்த்தால் 6தான் வரும்.

ஒரே பாறைக்கு ஒரு திசையில் 5, இன்னொரு திசையில் 1.8. அப்படியென்றால் 'இந்தப் பாறையின் ஊடுருவுதிறன் எவ்வளவு?' என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணை விடையாகச் சொல்கிறவர் பாறையைப் பார்க்காமல் சொல்கிறார்.

எங்கள் மண்ணுக்கும் பிரான்சுக்கும் வேறு ஓர் உறவு ஏற்கெனவே உண்டு. காரையில், ஊட்டத்தூரில், அரியலூரில் கிடைக்கும் கிரெட்டேசியஸ் காலக் கடற்படிவுகளை எச். எஃப். பிளான்போர்டு 1860களின் தொடக்கத்தில் ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்து எழுதினார். அந்தப் பெயர்கள் இன்றும் உலகெங்கும் வழங்குகின்றன. அவற்றின் வயதைச் சொல்லும் பெயர்களோ பிரெஞ்சு மண்ணிலிருந்து வந்தவை. ஆல்பியன் என்பது ஓப் ஆற்றின் பெயர். செனோமேனியன் லெ மான் நகரம். துரோனியன் தூர் நகரத்தைச் சுற்றிய நாடு. காம்பேனியன் ஷாம்பான் பகுதி. காரை ஓடைக்கரையில் நாங்கள் பொறுக்கி விளையாடிய சுருள் கல், அம்மோனைட், பூமியின் வரலாற்றில் தன் இடத்தை ஒரு பிரெஞ்சு ஊரின் பேரால்தான் சொல்லிக்கொள்கிறது. பக்கத்தில் சாத்தனூரில் படுத்திருக்கும் கல்மரத்தை 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து சொன்னார். பதினெட்டு மீட்டர் நீளம். இங்கே கடல் இருந்ததற்கு அதுவும் ஒரு சாட்சி.

ஆட்கள் வந்த கதை வேறு. கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில், ஏலாக்குறிச்சி இருக்கிறது. இத்தாலியிலிருந்து வந்த சேசு சபைத் துறவி பெஸ்கி அங்கே வாழ்ந்து வீரமாமுனிவர் ஆனார். அவரது சதுரகராதி 1732ஐச் சேர்ந்தது. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் பிரித்துக் காட்ட அவர் செய்த மாற்றம் நான் எழுதும் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது. அந்த ஊர்க் கோவிலுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இன்னொரு சேசு சபைத் துறவியின் நினைவு வரும். அவர் தமிழில் எதுவும் எழுதவில்லை. அவர் பெயரில் ஊரும் இல்லை, சிலையும் இல்லை. சார்ல் ரசீன் என்ற பிரெஞ்சுக்காரர் அவர்.

ரசீன் 1897இல் பிறந்தவர். பாரிஸில் எலி கார்த்தானிடம் ஆய்வு செய்து 1934இல் முனைவரானார். சார்பியல் கோட்பாட்டில் பல பொருள்களின் இயக்கம் அவரது ஆய்வுப் பொருள். நியூட்டனின் உலகில் இரண்டு கோள்கள் ஒன்றையொன்று இழுப்பதைக் காகிதத்தில் தீர்த்துவிடலாம், மூன்றாவது வந்தாலே கணக்கு முரண்டு பிடிக்கும். ஐன்ஸ்டைனின் உலகில் இரண்டே பெரும்பாடு, ஏனென்றால் பொருள்கள் ஓடும் தரையையே அவை வளைத்துக்கொண்டு ஓடுகின்றன. இப்படிப்பட்ட வேலையை முடித்த ஒருவர், ஆன்றி கார்த்தான், ஆந்த்ரே வெயில் போன்றவர்கள் நண்பர்களாக இருந்த ஒருவர், 1937இல் கப்பலேறித் திருச்சிக்கு வந்து தூய வளனார் கல்லூரியில் பாடம் நடத்தினார். பெரம்பலூரும் அரியலூரும் அன்று திருச்சி மாவட்டத்தில்தான். பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995இல். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பத்தாவதைத் தாண்டிய ஒன்றிரண்டு பேருக்கு மேற்படிப்பு என்றால் திருச்சிதான். அந்த ஒன்றிரண்டு பேரில் யாராவது அவர் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்களா என்று எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு ஆண்டுதான். 1939இல் அவர் சென்னை லயோலாவுக்குப் போனார், 1967 வரை அங்கே கற்பித்தார், 1976இல் மறைந்தார். வாழ்க்கைக் குறிப்பு இவ்வளவு சுருக்கமாக முடிந்துவிடுகிறது. வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போட ரசீன் தேற்றம் என்று ஒன்றும் இல்லை. அளவுகோலை வேறு திசையில் வைத்தால்தான் அவர் அளவு தெரியும்.

அன்றைய சென்னையில் கணிதம் செழிப்பாகவே இருந்தது. ஹார்டியிடம் படித்துத் திரும்பிய ஆனந்த ராவ் மாநிலக் கல்லூரியில் இருந்தார், வைத்தியநாதசாமி பல்கலைக்கழகத்தில் இருந்தார். ராமானுஜன் பிறந்த மண் என்ற பெருமிதமும் இருந்தது. ஆனால் ஐரோப்பாவில், குறிப்பாகப் பாரிஸில், அந்த ஆண்டுகளில் கணிதத்தின் அடித்தளமே மாறிக்கொண்டிருந்தது. இடத்தியல், புதிய இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகளைப் பார்க்கும் புதுப் பார்வை ஆகியவை நம் தேர்வுத் தாள்களில் இல்லை. ரசீன் அவற்றைக் கையில் கொண்டுவந்தவர். ஆர்வமுள்ள மாணவனுக்குப் பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்த புத்தகத்தைக் காட்டினார். பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் பக்கம் மீனாட்சிசுந்தரம் என்ற கணித ஆய்வாளரின் மனம் திரும்பியதில் ரசீனின் தூண்டுதல் உண்டு. அந்த மீனாட்சிசுந்தரம் பின்னர் பிளேயெல் என்ற ஸ்வீடன் நாட்டவரோடு சேர்ந்து 1949இல் வெளியிட்ட கட்டுரையை இன்றும் வடிவியலாளர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். ஒரு பரப்பு அதிரும் விதத்திலிருந்து அந்தப் பரப்பைப் பற்றி என்னென்ன அறியலாம் என்பதைத் தொட்ட கட்டுரை அது.

இன்னும் முக்கியமானதாக நான் கருதுவது வேறு. நல்ல மாணவனைத் தன்னிடமே வைத்துக்கொள்ள ரசீன் ஆசைப்படவில்லை. பம்பாயில் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம் எழுந்துகொண்டிருந்தபோது, அங்கே போ என்று அனுப்பினார். வடாற்காட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்த எம். எஸ். நரசிம்மனும் காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்ரியும் லயோலாவிலிருந்து 1953இல் பம்பாய் போனார்கள். அவர்களுக்குப் பின் ராகவன் நரசிம்மன், சி. பி. ராமானுஜம். நரசிம்மனும் சேஷாத்ரியும் 1957இல் பாரிஸ் போய்த் திரும்பி, 1965இல் தங்கள் இருவர் பெயரையும் தாங்கிய தேற்றத்தை எழுதினார்கள். ஒரு கல்லூரி வகுப்பறையிலிருந்து இப்படி ஒரு வரிசை கிளம்பியது தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றில் பெரிய நிகழ்ச்சி. நம் பாடநூல்களில் அதற்கு ஒரு பத்தி கூட இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

அவர்கள் பாரிஸுக்குக் கிளம்பிய அதே 1957இல், இருபத்தொன்பது வயது பிரெஞ்சுக்காரர் ஒருவரின் சொற்பொழிவுகள் பம்பாயில் புத்தகமாயின. ழாக்-லூயி லியோன்ஸ். தலைப்பு நீள்வட்ட வகைப் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள். அவருடைய ஆசிரியர் லோரான் ஷ்வார்ட்ஸ் இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே நிறுவனத்தில் பாடம் நடத்தியிருந்தார்.

லியோன்ஸ் 1928 மே மாதம் தென் பிரான்சின் கிராஸ் என்ற ஊரில் பிறந்தவர். மலர் வயல்களுக்கும் வாசனைத் திரவியத்துக்கும் பேர்போன ஊர் அது. தந்தை அங்கே நீண்ட காலம் நகரத் தலைவராக இருந்தவர். ஜெர்மானியர் நாட்டைப் பிடித்திருந்தபோது, 1943 முடியும் தறுவாயில், பதினைந்து வயதுப் பையனாக எதிர்ப்புப் படையில் சேர்ந்தார். பின்னாளில் மனைவியான ஆந்த்ரேயைச் சந்தித்ததும் அங்கேதான். போர் முடிந்து 1947இல் பாரிஸின் எகோல் நொர்மால் கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கிருந்து நான்சி நகரத்துக்கு, ஷ்வார்ட்ஸிடம். 1954இல் முனைவர் பட்டம்.

அந்தக் காலப் பிரெஞ்சுக் கணிதத்தில் தூய்மைக்குத்தான் மதிப்பு. பயன்பாடு என்றால் ஒரு படி கீழே. கணினி வந்துகொண்டிருந்தது, ஆனால் பெரிய கணிதவாதிகள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. லியோன்ஸ் பார்த்தார். வெப்பம் பரவுவது, நீர் ஓடுவது, தகடு வளைவது, இவற்றின் சமன்பாடுகளுக்குத் தீர்வு உண்டு என்று நிரூபிப்பதோடு வேலை முடியவில்லை, அந்தத் தீர்வை எண்ணாகக் கையில் கொடுக்க வேண்டும் என்று கருதினார். ஆச்சரியம் என்னவென்றால், இதற்காக அவர் தூய கணிதத்தை விட்டு வெளியேறவில்லை. ஷ்வார்ட்ஸ் கண்டுபிடித்த மிக அருவமான கருவிகளையே எடுத்துவந்து பொறியாளனின் மேசையில் வைத்தார். ஒரு சமன்பாட்டை ஒவ்வொரு புள்ளியிலும் நிறைவேற்றச் சொல்லி மிரட்டாமல், சோதனைச் சார்புகளோடு பெருக்கிச் சேர்த்துப் பார்த்து நிறைவேறுகிறதா என்று கேட்கும் முறை அது. இன்று பாலமும் விமான இறக்கையும் கணிக்கப்படும் முடிவுறு கூறு முறை இந்த மண்ணில்தான் வேர்விட்டு நிற்கிறது.

பிறகு வந்த பதவிகளை விரைந்து சொல்கிறேன். 1973 முதல் 1998 வரை கொலேஜ் த பிரான்ஸில் பேராசிரியர். 1980 முதல் 1984 வரை பிரான்சின் தேசியக் கணினி ஆய்வு நிறுவனத்தின் தலைவர், அதன் பின் 1992 வரை விண்வெளி நிறுவனத்தின் தலைவர். 1991 முதல் 1994 வரை உலகக் கணித ஒன்றியத்தின் தலைவர். 1991இல் ஜப்பான் பரிசு. 2000ஆம் ஆண்டை உலகக் கணித ஆண்டாக அறிவித்ததும் அவர் முயற்சி. மகன் பியேர்-லூயி லியோன்ஸ் 1994இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றபோது தந்தைதான் ஒன்றியத் தலைவர். ழாக்-லூயி லியோன்ஸ் 2001 மே மாதம் மறைந்தார்.

கொலேஜ் த பிரான்ஸில் அவர் கால் நூற்றாண்டு நடத்திய பாடத்தின் பொருள் கட்டுப்பாடு. ஒரு கம்பி அதிர்கிறது, அதன் ஒரு முனையை மட்டும் நீங்கள் பிடித்திருக்கிறீர்கள். அந்த முனையை ஆட்டி மொத்தக் கம்பியையும் அமைதிப்படுத்த முடியுமா? எவ்வளவு நேரத்தில்? அரியலூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி வேறு உருவத்தில் தெரியும். 1956 நவம்பர் 23 அன்று மருதையாற்று வெள்ளத்தில் ரயில் பாலம் நொறுங்கித் தூத்துக்குடி விரைவு ரயில் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள், லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். ஓடும் நீரை எங்கே தொட்டால் எவ்வளவு அடங்கும், எந்த இடத்தில் தொட்டாலும் அடங்காது என்பது எப்போது தெரியும் என்ற கேள்வி எங்கள் பாட்டிமார் அழுத அழுகைக்குள் இருந்தது. அதைச் சமன்பாடாக எழுதி, எல்லையில் மட்டும் கை வைத்து உள்ளே இருப்பதை அடக்கலாமா என்று ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் வேறொரு நாட்டில் இருந்தார் என்பதை நான் நாற்பது வயதுக்கு மேல்தான் அறிந்தேன்.

மேஸ்திரியின் கிணற்றுக்கு லியோன்ஸ் வந்து சேர்வது இன்னொரு பாதையில். 1978இல் பென்சூசான், லியோன்ஸ், பாப்பநிகோலாவ் மூவரும் எழுதிய ஒரு தடித்த புத்தகம் வெளியானது. மிக நுண்ணிய அளவில் மாறி மாறி வரும் பொருள்களைத் தொலைவிலிருந்து பார்த்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றியது. ஓமோஜெனைசேஷன் என்பார்கள், நான் வகுப்பில் 'ஒருபடித்தாக்கல்' என்று சொல்லிப் பார்த்தேன். காங்கிரீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜல்லி, மணல், சிமென்ட் பசை, இடையில் காற்றுக் குமிழி. ஒவ்வொரு ஜல்லியையும் கணக்கில் சேர்த்து ஒரு தூணைக் கணிக்க எந்தக் கணினியாலும் ஆகாது. ஆகவே அந்தக் கலவைக்குப் பதிலாக, எங்கும் ஒரே மாதிரியான கற்பனைப் பொருள் ஒன்றை வைக்கிறோம். தொலைவிலிருந்து பார்க்கிறவனுக்கு அது அசலைப் போலவே நடந்துகொள்ள வேண்டும். அந்தக் கற்பனைப் பொருளின் எண்கள் எவை? சராசரி அல்ல. 5க்கும் 1.8க்கும் உள்ள வேறுபாட்டை நாம் பார்த்துவிட்டோம். அடுக்கு என்பது எளிய நிலை. ஜல்லியும் துளையும் கலந்துகிடக்கும்போது எந்தச் சூத்திரமும் கைகொடுக்காது.

அவர்கள் காட்டிய வழியை 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்று நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். திரும்பத் திரும்ப வரும் அமைப்பில் ஒரேயொரு துணுக்கை எடு. அதற்குள் சமன்பாட்டை முழுமையாகத் தீர். அந்த விடையிலிருந்து பானை முழுவதற்குமான எண்கள் கிடைக்கும், திசைக்குத் திசை தனித்தனியாக. பழமொழி சொல்லாத ஒன்றையும் கணிதம் சொல்கிறது: பானை ஒரே சீராக வெந்தால்தான் இது செல்லும். ஒரு பக்கம் அடிப்பிடித்தால் பதம் பார்த்த சோறு பொய் சொல்லும்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு, அதுவும் பிரெஞ்சுக் கதை. டிஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஆன்றி டார்சி, குழாயில் மணல் நிரப்பி நீரை வடியவிட்டு அளந்து, 1856இல் ஒரு விதியை வெளியிட்டார். நீர்மட்ட வேறுபாடு கூடினால் ஓட்டம் அதே விகிதத்தில் கூடும், மணலின் நீளம் கூடினால் குறையும். இன்று உலகில் எந்த நிலத்தடி நீர்க் கணக்கும் டார்சி இல்லாமல் நகராது. அவர் அளந்து கண்டதை, மணற்கண்களின் இடுக்கில் நீர் நெளியும் அடிப்படைச் சமன்பாட்டிலிருந்து உறுதியாக வருவித்துக் காட்டியவர் லியோன்ஸின் மாணவர் லூக் தார்தார், 1980இல். குடிநீர்ப் பொறியாளர் ஒருவரின் அளவைக்குக் கணிதம் 124 ஆண்டு கழித்துக் கையெழுத்துப் போட்டது.

எனக்கு இது எப்படி வந்து சேர்ந்தது? 1990களின் தொடக்கத்தில் திருச்சியில் எம்.ஃபில். படித்தேன். எஸ். கேசவன் 1989இல் எழுதிய சார்புப் பகுப்பாய்வுப் புத்தகம் கையில் கிடைத்தது. கனமான பொருள், ஆனால் ஒரு நல்ல ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதைப் போன்ற நடை. ஷ்வார்ட்ஸின் பரவல் கோட்பாட்டில் தொடங்கிப் படிப்படியாகச் சமன்பாடுகளுக்கு ஏறும். கேசவன் 1970களில் பாரிஸ் போய் லியோன்ஸின் வட்டத்தில் ஆய்வு செய்தவர் என்று பிறகு தெரிந்தது. ஒருபடித்தாக்கலில் அதிர்வெண்களுக்கு என்ன ஆகும் என்பதுதான் அவருடைய தொடக்க கால வேலைகளில் ஒன்று. டாடா நிறுவனத்தின் கே. ஜி. ராமநாதன் பெங்களூரில் பயன்பாட்டுக் கணிதத்துக்கென ஒரு பிரிவைத் தொடங்கியபோது லியோன்ஸ் தோள் கொடுத்தார். அங்கிருந்து கேசவன், வன்னிநாதன் போன்ற இளைஞர்கள் பாரிஸுக்குப் போய்த் திரும்பினார்கள். கேசவன் பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் பணிபுரிந்தார்.

ஆக, கோடு இப்படி ஓடுகிறது: பாரிஸ், திருச்சி, சென்னை, பம்பாய், மறுபடி பாரிஸ், பெங்களூர், கடைசியாகத் திருச்சியில் ஒரு நூலக மேசை. அந்தப் புத்தகத்தோடு கூட வேறு தாள்களையும் தேடிப் படித்துக்கொண்டிருந்த ஓர் இரவில் 5உம் 1.8உம் வந்தன. பக்கத்து ஓரத்தில் பென்சிலால் 'படுக்கையா, நெட்டுக்கா' என்று எழுதிவிட்டு வெளியே வந்து நின்றேன். அந்த மேஸ்திரி அப்போது உயிரோடு இல்லை.

ரசீனும் லியோன்ஸும் சந்தித்தார்களா என்பது எனக்குப் பொருட்டல்ல. ஒருவர் வந்து இங்கேயே தங்கினார், இங்கேயே முதுமை அடைந்தார். இன்னொருவர் வந்து சில வாரப் பாடத்தை விதைத்துவிட்டுப் போய், அதில் முளைத்தவர்களைத் தன் ஊருக்கு அழைத்துக்கொண்டார். தங்கியவர் இல்லாமல் போயிருந்தால் வந்துபோனவரின் பாடத்தைக் கேட்க அந்த அறையில் யார் இருந்திருப்பார்கள்? இதைக் கேட்டுப் பார்க்கும்போது, தேற்றம் விட்டுச்செல்லாத அந்தத் துறவியிடம் என் மனம் இன்னும் நெருங்கிப் போகிறது.

கணக்கு தெரிந்த பிறகு ஊரைப் பார்க்கும் கண் மாறிவிடுகிறது. அரியலூர் சிமென்ட் நகரம். சுற்றிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். டிப்பர் லாரிகளின் வெள்ளைத் தூசி சாலையோர வேப்பமரங்களில் படிந்திருக்கும். கல் வேண்டும்தான், நான் குடியிருக்கும் வீடும் அதில்தான் நிற்கிறது. ஆனால் சுரங்கம் நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கும்போது சுற்றுக் கிணறுகளுக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்ல ஒருவர் கணக்குப் போட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சுரங்க விரிவாக்கத்துக்காக நடந்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். தடித்த அறிக்கை. நிலத்தடி நீர் பற்றிய பகுதியில் மொத்தப் பரப்புக்கும் ஊடுருவுதிறன் என்று ஒரே ஓர் எண். எழுந்து கேட்டேன்: இது நெட்டுக்கான எண்ணா, படுக்கைக்கான எண்ணா? நெட்டுக்கான எண் என்றால், படுக்கையாக எத்தனை தூரத்துக் கிணறு வற்றும் என்பதை இந்தக் கணக்கு குறைத்துக் காட்டும். வெடி வைத்த பிறகு விழும் விரிசலை இதில் எங்கே சேர்த்திருக்கிறீர்கள்? குறித்துக்கொள்கிறோம் என்றார்கள். எனக்குப் பின்னால் இருந்த பெரியவர் ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "என்ன கேட்டீங்க வாத்தியாரே, எங்களுக்கும் சொல்லுங்க" என்றார். மண்டபத்துக்கு வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்து, செங்கல்லையும் மண்ணையும் அடுக்கிக் காட்டிச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "இதுதான் எங்களுக்குத் தெரியுமே" என்றார். தெரியும்தான். அவர்களுக்குத் தெரிந்தது அந்த அறிக்கையில் ஏற வழி இல்லை, அவ்வளவுதான். மேஸ்திரியின் வாக்கியத்தை 5 என்றும் 1.8 என்றும் எழுதத் தெரிந்த ஒரு பிள்ளை ஒவ்வொரு ஊரிலும் இருந்தால், அடுத்த கூட்டத்தில் குறித்துக்கொள்கிறோம் என்ற பதில் போதாது.

அப்பாவின் கிணற்றில் இப்போது தண்ணீர் இல்லை. ஊரில் எல்லாருமே ஆழ்துளைக்குப் போய்விட்டார்கள், மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் சின்ன வெங்காயத்துக்கும் அறுநூறு, எழுநூறு அடியிலிருந்து நீர் ஏறுகிறது. பாதிக் கிணற்றைத் தூர்த்தாயிற்று. மீதிச் சுவரில் களியும் ஓடும் மாறி மாறி அப்படியே தெரிகின்றன.

ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன். போன மாசியில் இரண்டு பெரிய தண்ணீர் பாட்டில்களின் அடியை அறுத்துக் கவிழ்த்து, வாயில் துணி கட்டினோம். முதல் பாட்டிலில் ஆற்று மணலும் காரைக் களி கலந்த மண்ணும் ஒன்றின் மேல் ஒன்றாக ஆறு அடுக்கு. இரண்டாவதில் நடுவே அட்டையை நிறுத்தி, ஒரு பக்கம் மணல், மறு பக்கம் அதே மண், பிறகு அட்டையை உருவினோம். இரண்டிலும் இருந்த மணலின் அளவு ஒன்றே, மண்ணின் அளவும் ஒன்றே. ஒரே சொம்பால் ஒரே நேரத்தில் தண்ணீர் ஊற்றினோம். இரண்டாவது பாட்டில் உடனே ஒழுகத் தொடங்கிவிட்டது. முதலாவது சொட்டுவதற்குள் பிள்ளைகள் டீ குடித்துவிட்டு வந்தார்கள். ஒரே பொருள்தானே சார், ஏன் இப்படி என்று சத்தம் போட்டார்கள். நான் கரும்பலகையில் 9, 1 என்று எழுதினேன். 5 வந்தது. 1.8 வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. வந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

எட்டாவது படிக்கும் ஒரு பெண் கைதட்டவில்லை. பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து முதல் பாட்டிலைக் கையில் எடுத்து மெதுவாகச் சரித்துப் பிடித்தாள்.

"அடுக்கைச் சாய்ச்சுப் போட்டா எவ்ளோ வரும் சார்?"